முப்பது நானோமீற்றர் சும்மா

கோணேசபுரியில் வெயிலுக்குக் குறைவில்லை.
தகரம் கொதிக்கிறது, மணல் கொதிக்கிறது,
பஸ் கம்பியைப் பிடித்த கை பொங்குகிறது.
குறை எங்களில்.
விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டைத்தான்
எங்கள் கலம் மின்சாரமாக்குகிறது.
மீதித் தொண்ணூற்றெட்டும்
வந்த வழியே போகிறது
அல்லது சூடாகிச் சாகிறது.

கலம் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம்.
முத்திரை அளவு கண்ணாடித் துண்டு.
அதன்மேல், பழைய கணினி விசிறியில் வைத்துச் சுழற்றி
ஹம்ஸியா பூசிய பாலிமர்,
கத்தரிப்பூ நிறத்தில்.
எண்பது நானோமீற்றர்.
ஒரு தலைமயிரை நெடுக்காக ஆயிரமாய்க் கீறினால்
அதில் ஒரு கீறு.

தடிப்பாகப் பூசுவோமே என்றேன்.
பூசினோம். இருநூறு.
வெளிச்சம் நன்றாகத்தான் பிடிபட்டது;
பிறந்த மின்னேற்றங்கள்
கரை சேருமுன் வழியிலேயே
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அணைந்தன.
ஒன்று தசம் நான்கு.
குறிப்பேட்டில் எழுதி, கீழே கோடிட்டு,
கோட்டின்மேல் தேத்தண்ணியை ஊற்றிவிட்டேன்.
வேண்டுமென்றல்ல.

சரி, மெல்லிசாகவே இருக்கட்டும்.
உள்ளே வந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் மறித்து வைப்போம்.
முதுகில் அலுமினியம் இருக்கிறது, முகம் பார்க்கலாம்.
போன ஒளி அதில் முட்டித் திரும்பும்,
போவதும் வருவதும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து
நகராத அலையாக நிற்கும்.
எங்கே முகடு, எங்கே வெறுமை?

அன்று பின்னேரம் இறங்குதுறைக்குப் போனோம்.
உட்துறைமுகத்தில் காற்றே இல்லை.
கோதுமைக் கப்பலை இழுத்துப்போன படகு
விட்டுச்சென்ற அலை
கொங்கிறீற் சுவரில் முட்டித் திரும்பி
அடுத்த அலையோடு சேர்ந்து
சுவரடியில் எழும்பி விழுந்தது,
எழும்பி விழுந்தது,
அதே இடத்தில்.
"பார், சுவரோரம்தான் உயரம்" என்றேன்,
"பாலிமரை அலுமினியத்தோடு ஒட்டி வைத்தது சரிதான்."

ஹம்ஸியா கடலைச் சரையை உதறினாள்.
"மிஸ், அது தண்ணி.
உலோகத்தடியில் ஒளியின் மின்புலம் பூச்சியம்."

முதலாம் வருடப் பாடம்.
ஒவ்வொரு மாசியிலும் நானே படிப்பிக்கிறேன்.
கடலைக் கண்டதும் மறந்துபோனேன்.
கண்ணாடிக்குப் பக்கத்தில்தான்
முழு இருட்டு.
அந்த இருட்டில்தான்
கலத்தின் பாதியை
அவ்வளவு கவனமாய்ப் பூசியிருக்கிறோம்,
ஏழு மாதமாக.

மான் ஒன்று வந்து சரையைக் கேட்டது.
யாருடையதோ கணிதப் பரீட்சைத் தாள் அது.
கொடுத்தோம். புள்ளியோடு சேர்த்துத் தின்றது.

பிறகு மூன்று இரவு.
படைக்கொரு தாயம் எழுதிப் பெருக்கி,
கரண்ட் போக, மெழுகுதிரியில் பெருக்கி,
தாயம் விழுந்தது கடைசியில்:
அலுமினியத்திலிருந்து எழுபது நானோமீற்றர் தள்ளி
நிற்கிறது பச்சை ஒளியின் முகடு.
ஆகவே இரண்டுக்கும் நடுவே
எதையாவது வைக்கவேண்டும்.
ஒளியைத் தின்னாதது,
தானாக ஒரு துளி மின்சாரமும் தராதது,
வருகிற இலத்திரனுக்கு வழிவிடத் தெரிந்தது.
நாக ஒட்சைட்டு. முப்பது நானோமீற்றர்.

நிதி தந்த சபைக்கு இதை எழுதுவது
கணக்கைவிடக் கடினம்:
ஒன்றும் விளைவிக்காத படையொன்றுக்காக
பதினேழாயிரம் ரூபா கோருகிறோம்.

கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்.
பாலத்தில் வரும்போதே ஹம்ஸியா மெசேஜ் போட்டாள்:
இண்டைக்கு வானம் துப்பரவு.
வாசற்படியில் வைத்து அளந்தோம்.
இரண்டு தசம் ஒன்பது.
இன்னொன்று. இரண்டு தசம் எட்டு.
மூன்றாவது கலம் செத்திருந்தது.
காரணம் தெரியாது, உப்புக்காற்றாக இருக்கலாம்.

ஒரு டோர்ச் குமிழ்கூட இதில் எரியாது.
அதே சூரியன், அதே பாலிமர், அதே விசிறி.
வெளிச்சம் நிற்கிற இடத்துக்கு
கலத்தைக் கொஞ்சம் நகர்த்தினோம், அவ்வளவுதான்.

குறிப்பேட்டில் அட்டவணை கீறினாள்.
படை, தடிப்பு, வேலை.
பாலிமர், எண்பது, ஒளியை உறிஞ்சும்.
அலுமினியம், நூறு, திருப்பி அனுப்பும்.
நாக ஒட்சைட்டு, முப்பது.
பேனையைக் கடித்து யோசித்தாள்.
பிறகு எழுதினாள்:
சும்மா இருக்கும்.

நான் அதை வெட்டவில்லை.