நாற்பத்தேழாம் மண்டலம்

உலான்பாதரின் இருபத்தைந்து ஆண்டுத் திட்டத்துக்கு
நிறங்கள் போதவில்லை.
மெட்ரோவுக்குச் சிவப்பு வைத்தோம்,
விரைவுப் பேருந்துக்கு நீலம்.
மிச்சத்துக்கு அடிக்குறிப்பு.

வடக்குக் குன்றில், வட்டக் கூடாரங்களும் பலகை வேலிகளுமாய்
கரிப்புகைக்குள் கிடக்கிறது நாற்பத்தேழாம் மண்டலம்.
அதிகாலை நான்கு முதல் ஐந்து வரை
பயணத் தேவை: பூச்சியம்.
கணினி சொன்னது. நான் கையெழுத்திட்டேன்.
பேருந்தே ஓடாத நேரத்தில்
பேருந்தில் ஏறியவர்களை எண்ணியிருக்கிறோம் என்பது
அன்று உறைக்கவில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில்
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் துல்மா எழுந்தாள்.
சுவரில் இருந்த வரைபடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.
"எங்கள் மேட்டுக்குச் சிவப்புக் கோடு எந்த வருஷம் வரும்?"
"மூன்றாம் கட்டத்தில். பதினெட்டாம் ஆண்டு."
"என் முழங்கால் அதுவரைக்கும் வராது" என்று
உட்கார்ந்துவிட்டாள்.
அவை சிரித்தது.
நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஜனவரியில் ஒருநாள்
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
நான்கு மணிக்குக் குன்றடியில் காரை நிறுத்தினேன்,
எஞ்சினை அணைக்கப் பயம்.
இரவு விழுந்த பனியில்
யாரும் வரையாத பாதை ஒன்று இறங்கி வந்தது:
நாய் கட்டிய வீட்டைச் சுற்றி வளைந்து,
உறைந்த ஓடையை நேராக வெட்டி,
ஒரு மின்கம்பத்தடியில் மட்டும் அகன்று
(அங்கே நின்று மூச்சு வாங்குவார்கள் போல)
நகரத்தை நோக்கி.
தடங்களை எண்ணத் தொடங்கினேன்.
ஒன்றின்மேல் ஒன்று மிதித்திருந்ததில்
நாற்பதைத் தாண்டியதும் குழம்பியது.
படமெடுக்கக் கையுறையைக் கழற்றினேன்,
விரல் கைப்பேசியோடு ஒட்டிக்கொண்டது.
ஒன்பது மணிக்குக் காற்று கிளம்பும்,
அதற்குமேல் ஆதாரம் இருக்காது.

திட்டம் ஒன்றும் மாறிவிடவில்லை.
சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது,
மூன்றாம் கட்டம் நான்காகவும் ஆகலாம்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில்
'4.20, ஒரு பேருந்து, சோதனைக்காக' என்று நுழைத்தேன்.
எழுத்து அவ்வளவு பொடி.
நிதித்துறையில் யாருக்கும் கண்ணில் படவில்லை.

முதல் வாரம் ஓட்டுநர் கன்பாதர் செய்தி அனுப்பினார்:
திங்கள் மூன்று பேர்.
செவ்வாய் ஏழு பேர், ஒரு நாய்.
நாய்க்குச் சீட்டு கிழிக்கணுமா?
துல்மா என்று ஒரு அம்மா ஏறினார்களா, கேட்டேன்.
இருட்டில் எல்லாரும் கம்பளித் துணிதான், முகம் யார் பார்த்தது என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று:
ஒரு மின்கம்பத்தடியில் நிறுத்தச் சொல்கிறார்கள்,
உங்கள் படத்தில் அங்கே நிறுத்தமே இல்லையே,
நிறுத்தலாமா?