நாளும் கிழமையுமாய் ஒரு பாலம்

ரூசே நகரத்துப் பெட்ரோல் நிலையத்தில்
காப்பிக்குக் கொடுத்த நோட்டுக்குச் சில்லறையோடு
சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூல் ஒன்றை
என் மணிக்கட்டில் கட்டிவிட்டாள் ராலித்ஸா.
நான் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை.
மார்ச் ஒன்றாம் தேதி எங்கள் நாட்டில்
கை நீட்டினால் நூல்.

இன்னொன்றையும் திணித்தாள்:
"வண்டியில் கூட யாராவது இருப்பார்களே."
இருந்தார்கள்.
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
எல்லாரும் பன்றிகள்.

விதி எளிது.
முதல் செங்கால் நாரையைப் பார்க்கும்வரை
நூலை அவிழ்க்கக் கூடாது.
பார்த்ததும் மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு
மரக்கிளையில் கட்டிவிட வேண்டும்.
நாரை வாய்க்காதவனுக்குப் பூத்த மரம் போதும்.
இரண்டும் வாய்க்காதவனைப் பற்றி
விதியில் ஒரு வரியும் இல்லை.

பாலத்தில் லாரிகள் அசையவில்லை.
கீழே டான்யூப், பருப்புக் கழுவிய தண்ணீர் நிறத்தில்.
இன்று என்னென்ன நாள் என்று வானொலிக்காரன்
பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவுகிறவன்போல்
மூச்சுவிடாமல் படித்தான்:
கடற்புல்லுக்கு ஒரு நாள்.
ஆபத்தில் ஓடிவருகிறவர்களுக்கு ஒரு நாள்.
யாரையும் ஒதுக்காமல் இருக்க ஒரு நாள்
(ஒன்றே ஒன்றுதானா என்று அவனே சிரித்தான்).
எதிரில் வருகிறவரைப் பாராட்ட ஒரு நாள்.
கடைசியாக, அமெரிக்காவில்,
பன்றிகளுக்கு ஒரு நாள்.

வானொலியை அணைத்தேன்.
பின்னால் நூற்றுப் பன்னிரண்டு மூக்குகள்
கம்பி இடுக்கில் ஆற்றை மோந்துகொண்டிருந்தன.
'நாளை இந்நேரம்' என்று தொடங்கும் வாக்கியத்தை
இருபது வருடமாய் நான் முடித்ததில்லை.

கால் மரத்துப்போக, இறங்கி நடந்தேன்.
ஓரத்தில் நின்றது ஒன்று.
இடது காதில் மஞ்சள் பட்டை, எண் 4471.
ஆட்டுக்குட்டிக்குக் கட்டுவார்கள், கன்றுக்குக் கட்டுவார்கள்.
பன்றிக்குக் கட்டி நான் பார்த்ததில்லை.
பட்டையின் இடுக்கில் நூலைக் கோத்து
முடிச்சுப் போட்டேன்.
அது தின்னப் பார்த்தது. நாக்கு எட்டவில்லை.

சாவடியில் ருமேனியக்காரி, ஸாம்ஃபிரா.
அவள் கோட்டிலும் அதே சிவப்பு, அதே வெள்ளை.
நாங்கள் கையில் கட்டுவோம், அவர்கள் நெஞ்சில் குத்துவார்கள்.
யார் முதலில் தொடங்கியது என்று கேட்டால்
அன்றைக்குப் பாலம் திறக்காது.
டார்ச் அடித்து எண்ணிக்கொண்டே வந்தவள்
4471-இடம் நின்றாள்.
"இது எந்தப் படிவத்தில் வரும்?"
"எதிலும் வராது, மேடம்."
வெளிச்சத்தைச் சற்றுத் தாழ்த்தினாள்.
பிறகு என்னிடமல்ல, அதனிடம்,
"உனக்கு நல்ல இமைகள்" என்றாள்.
அவள் சாவடியிலும் வானொலி இருந்திருக்கும்.

முத்திரை விழுந்த சத்தத்தோடு யாரோ கத்தினார்கள்:
நாரை!
ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒரு தலை நீண்டது.
ஆற்றின் மேல் வெள்ளையாய் ஒன்று,
ஏறியது, சரிந்தது, மறுபடி ஏறியது.
கடற்காகம் என்றான் ஒருவன்.
பிளாஸ்டிக் பை என்றான் துருக்கிக்காரன் செவ்கெத்,
நாரை வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றும் சொன்னான்.
என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.
அது என்னவென்று எனக்குத் தெரியும்.

சக்கரத்தில் கால்வைத்து ஏறி
காதிலிருந்த நூலை அவிழ்த்தேன்.
"பார்த்துவிட்டாய்" என்றேன் பல்கேரிய மொழியில்.
அதன் காதில் விழுந்து வளர்ந்த மொழி அதுதான்.
என்ன நினைத்தது என்று கேட்கக் கூடாது, கேட்கவில்லை.
பாலத்தில் மரம் ஏது?
துருப்பிடித்த கைப்பிடிக் கம்பியில் கட்டினேன்.
பின்னாலிருந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
முதல் கியர்.

திரும்பும்போது காலி வண்டி.
கம்பிப் பக்கம் பார்க்காமல் ஓட்டினேன்.

ஏப்ரலில் நாரைகள் வந்தன.
மின்கம்பத்தின் மேல் சுள்ளிக்கூடு, அலகு தட்டும் ஓசை.
பார்த்தேன். நூலை அவிழ்க்கவில்லை.
செர்ரி பூத்தது. அவிழ்க்கவில்லை.
சிவப்பு வெளுத்து, வெள்ளை அழுக்கேறி,
இரண்டும் ஒரே நிறமாகிவிட்ட ஒரு காலையில்
கைகழுவும்போது தானே அறுந்து
தொட்டிக்குழாய்க்குள் போனது.
எதையும் நினைத்துக்கொள்ள நேரமில்லை.