மருந்து டேங்க் கழுவிய இடம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
அன்றைக்கு எனக்கு முதுகு வலி.
காரணம் அவ்வளவுதான்.

பதினொன்றாம் நம்பர் மலையில்
புல்லுக்கு மருந்தடித்து முடிய மணி இரண்டரை.
டேங்க் கழுவக் குழி வெட்டியிருப்பது
கீழே, இஸ்டோர் ரோட்டுப் பக்கம்.
போய்வர ஒரு மைல். ஏற்றம் தனி.
ஓடையோ காலடியில் ஓடியது.
குனிந்தேன், மூன்று தரம் அலசினேன்.
நுரை கொஞ்சம்
ஒரு பாசிக்கல்லைச் சுற்றி நின்று
என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

அந்த ஓடைதான்
பள்ளத்துச் சீமெந்துத் தொட்டியில் விழுந்து
கறுப்புக் குழாயில் இறங்கி
எங்கள் லயத்துப் பீலிக்கு வருகிறது.
தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை,
குழாய் புதைத்த சிரமதானத்தில்
மண்வெட்டி பிடித்தவன் நான்.

காம்பராவுக்கு வந்தேன்.
பாக்கியராணி அரிசி களைந்த தண்ணீரைச்
சட்டியில் ஏந்தி வைத்திருந்தாள், அவரைக் கொடிக்கு.
பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீரில்
துணிக்கு முதல் அலசல்,
அந்த அழுக்கும் வீணாகாமல் வாசலுக்கு.
பீலியில் வரிசை நின்று பிடித்த ஐந்து குடத்தை
ஏழு குடமாக்கத் தெரிந்தவள்.
பீலி ராத்திரியெல்லாம் சொட்டுகிறதென்று
அறுந்த செருப்பில் வாஷர் வெட்டிப் போட்டதும்
அவள்தான்.

குடிக்கிற தண்ணீர் மட்டும் தனி.
வெள்ளைத் துணியில் வடித்து
ஈர விறகை ஊதி ஊதிக்
கண் சிவக்கக் கொதிக்கவைத்தாள்.
"நல்லாக் கொதிச்சா ஒண்ணும் செய்யாதாம்,
மிட்வைப் மிஸ்ஸி சொன்னாங்க."

நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
கிருமி சாகும்.
நான் கரைத்துவிட்டது கிருமியல்ல.
வெந்நீரில் அது என்னவாகும் என்று
மருந்துக் கேனில் எழுதியிருக்கலாம்,
எனக்கு வாசிக்க வராத எழுத்தில்.
மண்டையோட்டுப் படம் மட்டும்
எந்தப் பாஷைக்காரனுக்கும் புரிகிற மாதிரிச் சிரித்தது.

நிதுர்ஷன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து
வாய்க்குக் கொண்டுபோனான்.
தட்டிவிட்டேன்.

சொட்டுக்குக் கணக்குப் பார்க்கிற வீட்டில்
தரையில் ஓடியது தண்ணீர்.
பானையையும் எடுத்துக் கவிழ்த்தேன்.
அவள் என்னைப் பார்த்தாள்,
குடித்துவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல.
பிறகு என் கையைப் பிடித்து
மோந்து பார்த்தாள்.

ஒவ்வொரு காம்பராவாகத் தட்டிச் சொன்னேன்.
ஆறாவது கதவில் அடி விழுந்தது.
அடித்தவர் மகள்
ஏழு மாசம்.
அதற்கு மேல் எனக்கு வலிக்கவில்லை.

ராத்திரியே ஏறித் தொட்டி வால்வை மூடினோம்.
ஒன்பது நாள் பீலி வறண்டு நின்றது.
ஒன்பது நாளும் மழை.
தகரக் கூரைக்கு அடியில் பீப்பா, வாளி,
சாமி அறைக் குத்துவிளக்குத் தவிர
ஏந்த முடிந்த எல்லாம் ஏந்தி நின்றன.
கீழே மவுசாக்கலை நீர்த்தேக்கம்
கரை முட்டக் கிடந்தது.
அது எங்கேயோ பல்ப் எரிய வேண்டிய தண்ணீர்.
நாங்கள் அடுத்த பள்ளத்து ஊற்றுக்கு
அட்டை கடிக்கக் கடிக்க நடந்தோம்,
தலைக்கு ஒரு குடம்.

சுகாதார ஐயா வந்து
இரண்டு போத்தலில் தண்ணீர் பிடித்துப் போனார்.
முடிவு இன்னும் வரவில்லை.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள்.
இதுவரைக்கும், என்று
நான் மனசுக்குள் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்போது டேங்கை
இஸ்டோர் ரோட்டுக் குழி வரைக்கும் சுமக்கிறேன்.
முதுகு அப்படியேதான் வலிக்கிறது.

பீலியில் மறுபடி தண்ணீர் விழுகிறது.
என் முறை வரும்போது
ஞானப்பூ ஒன்றும் பேசுவதில்லை.
தன் குடத்தை மட்டும்
ஒரு சாண் தள்ளி வைக்கிறாள்.