இடுக்கில் இருந்த பச்சை

மேனி அவருடையது, வயிறு என்னுடையது
என்று முதல் நாளே பாகம் பிரித்துக்கொண்டோம்.
ஐம்பத்தெட்டாம் வருஷத்து மோரிஸ் மைனர்.
சகாதேவன் கதவுகளைத் தேய்க்கப் போனார்.
நான் பானெட்டைத் தூக்கிவிட்டுக்
குனிந்தவள்தான். நிமிர ஏழு மாதம் ஆயிற்று.

எஞ்சினுக்கு என்ன நிறம்?
கேட்ட இடமெல்லாம் பச்சை என்றார்கள்.
எந்தப் பச்சை?
ஒருவர் புட்டி என்றார், ஒருவர் வாழை இலை,
ரெய்ஸ்தார்ப் பெயின்ட் கடைக்காரர்
டிராக்டர் பச்சைதான் என்று டப்பாவையே திறந்துவிட்டார்.

நான் பல் கட்டுகிறவள்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருபத்தாறு வருஷம்
அடுத்தவர் வாய்க்குப் பொருந்தும் வெள்ளையைத் தேடியவள்.
வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது.
விளக்கில் பார்க்காதே, ஜன்னலுக்கு வா.
காய்ந்ததைப் பார்க்காதே, நனைத்துப் பார்.
உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டுப் பார்.
இரும்புக்கு மட்டும் வேறு விதியா?

எண் தகட்டின் இரண்டு ரிவெட்டையும் எடுத்தேன்.
சுற்றிலும் வெள்ளிப் பூச்சு,
முன்பு வைத்திருந்த தர்மலிங்கம் கோவெண்டர்
கேட்டுக்கு அடித்து மிஞ்சியது.
அதன் கீழே கறுப்பு. அதன் கீழே
யாரோ ஒருவர் ஆசைப்பட்ட நீலம்.
தகட்டின் அடியில் மட்டும்,
வெயிலும் எண்ணெயும் தொடாத கட்டைவிரல் அகலத்தில்
அந்தப் பச்சை.
மழைக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டியின் உள்சுவர்.

நிறம் கிடைத்தால் பாதி வேலைதான்.
எவ்வளவு மின்ன வேண்டும்?
ரேடியேட்டருக்குக் கறுப்பு, பாதி மினுக்கம்,
அழுக்குத் துணியால் ஒருமுறை துடைத்த செருப்பு மாதிரி.
கார்புரேட்டருக்குப் பூச்சே வேண்டாம்,
அலுமினியம் தன் சாம்பலோடு இருக்கட்டும்.
முகம் தெரியும்படி பாலிஷ் போட்ட போல்ட்
பொய்ப்பல். தூரத்திலிருந்தே சிரிக்கும்.
எக்ஸாஸ்ட் மானிஃபோல்டை யாரும் தொடக் கூடாது.
அடுப்புக்குப் பவுடர் பூசுவதுண்டா?

டைனமோவைக் கழற்றிய அன்றுதான்
அதைப் பார்த்தேன்.
பழைய பச்சை ஒரு துளி வழிந்து நின்றுவிட்டிருந்தது.
கேஸ்கெட் ஓரத்தில் பாதி, கிளிப்பின் மேல் பாதி.
எல்லாவற்றையும் பூட்டிய பிறகு
ஒருவன் துப்பாக்கியைப் பிடித்துப் பீய்ச்சியிருக்கிறான்.
மணி அடிக்கப் போகிறது என்று ஒரு கண்
கடிகாரத்தில் இருந்திருக்கும்.

ஒழுங்காகச் செய்தால் தப்பு.
இது எனக்குப் புதிதில்லை.
ஐம்பது வயசுக்காரிக்குக் கட்டும் பல்லில்
தேநீர்க் கறை கொஞ்சம் வைத்தால்தான் பல்.

ஆகவே ஒரு துளியை வழியவிடத் தீர்மானித்தேன்.
தெரியாமல் விழுந்தது போல் விழ வேண்டும்.
முதல் துளி கோலம் போட்டது மாதிரி இருந்தது.
இரண்டாவது அழுதது.
மூன்றாவது, தும்மியபோது விழுந்தது.
அதை வைத்துக்கொண்டேன்.

டர்பனில் கண்காட்சி.
லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினோம்.
லபுஷாக்னி என்ற நடுவர்
டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார்.
நெடுநேரம் வெளியே வரவில்லை.
பச்சை சரி என்றார். கறுப்பு சரி.
பிறகு டைனமோ பக்கம் விரல் நீட்டி,
"இங்கே கொஞ்சம் வழிந்திருக்க வேண்டுமே,
இவ்வளவு சுத்தமாக இருக்காதே" என்று
அரை மதிப்பெண் குறைத்தார்.

நான் சகாதேவனைப் பார்த்தேன்.
சகாதேவன் ரேடியேட்டர் மூடியைப் பார்த்தார்.
முந்தின இரவு தின்னர் வாசனை
எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

திரும்பும்போது ஓட்டியே போவோம் என்றார்.
போத்தாஸ் ஹில் ஏற்றத்தில்
இரண்டாவது கியர் முனகியது.
பானெட் இடுக்கிலிருந்து
மெல்லிய வெள்ளைப் புகை.
மானிஃபோல்டுக்கும் அடித்திருக்கிறார்.
வெள்ளி.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் பக்கத்துக் கண்ணாடியை
இறக்கிக்கொண்டேன்.
கொஞ்ச தூரம் போனதும்
அவரும் இறக்கினார்.