ஒரு தட்டு என்றால் ஆம்

பிரிக்பீல்ட்ஸ், இரண்டாம் மாடி.
பத்துப் பேர், ஒன்பது கைத்தடி.
பத்தாவது ஆள் ரொஹைசா,
பார்வையுள்ளவள், குறிப்பெழுத வந்தவள்.

கை தூக்கினால் இங்கே யார் எண்ணுவது?
பெயர் கூப்பிட்டதும் மேசையில் தட்டவேண்டும்.
ஒரு தட்டு என்றால் ஆம்.
இரண்டு தட்டு என்றால் இல்லை.

காலையில் பெரிய எழுத்து வந்தது.
பெயருக்கு முன்னால் இனி ஆறாம் புள்ளி.
நாற்பது வருஷம் சின்ன எழுத்திலேயே இருந்துவிட்டேன்
பூங்காவனம் என்று.
இப்போது ஒரு பொட்டு தருகிறார்கள்,
காலடியில் வைக்கச் சொல்லி.
தட்டினேன், ஒன்று.

பிறகு சுருக்கங்கள்.
மேசையைச் சுற்றி ஒன்பது பேர்,
வெட்டவேண்டியதும் ஒன்பது.
ஏஷன் போனது,
ஸ்டேஷனும் நேஷனும் ஆளுக்கொரு கட்டம் நீண்டன.
பிள் போனது.
எண்குறிக்கும் அதற்கும் ஒரே புள்ளிகளாம்,
கணினி குழம்புகிறதாம்.
டேபிளை நான் ஒருநாளும் எண்ணிப்பார்த்ததில்லை.

பினாங்கிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த
ஊய் சியூ கெங் சொன்னாள்:
"லண்டன் ஒன்று எழுதுகிறது, அமெரிக்கா ஒன்று,
கணக்குப் புத்தகம் இன்னொன்று.
என் மாணவன் ஒரே பரீட்சையில்
மூன்று எல்லை தாண்டுகிறான்,
பாஸ்போர்ட் இல்லாமல்."

அடைக்கலசாமிக்குச் சந்துக்குள் மசாஜ் கடை.
"நாள் முழுக்க எண்ணெயில் ஊறிய விரல் இது.
கட்டம் கூடினால் தேய்வது நான்" என்றார்.
மேசையில் யாரோ சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்று தெரியும்.
தமிழில் ழ,
ஆங்கிலத்தில் ஆஃப்,
இரண்டுக்கும் அதே ஐந்து புள்ளி.
மொழி மாறும்போது என் விரல் நிற்பதில்லை.
அர்த்தம்தான் இறங்கிப்போய்
வேறு ரயில் ஏறும், சென்ட்ரலில்போல.

மதியத்துக்கு மேல் 'டு' வந்தது.
இரண்டு, மூன்று, ஐந்து.
அடுத்த சொல்லின் முழங்கையைப் பிடித்தபடியே
நடக்கும் சொல்.
நடுவில் இடம் விடமாட்டோம்.
துன் சம்பந்தன் சாலையை
நாங்கள் வேறெப்படிக் கடக்கிறோம்?

ஆச்சரியக்குறிக்கும் அதே மூன்று புள்ளி.
கல்யாணத்துக்கு முன்னால் மாசிலன் கொடுத்தனுப்பிய சீட்டில்
'டு பூங்காவனம்' என்றிருந்ததை,
அவசரத்தில்,
யாரோ கத்திக் கூப்பிடுவதாகப் படித்து
வாசலுக்கு ஓடினேன்.
அங்கே ஒருவருமில்லை.
அடுத்த வாரம் இருந்தார்.

பெயர்கள் வந்தன, தட்டுகள் விழுந்தன.
எட்டுப் பேர் முடிந்தபோது நாலுக்கு நாலு.

"பூங்காவனம்."

இரண்டு தட்டத்தான் விரலை மடக்கினேன்.
மணிக்கட்டுப் பட்டுத்
தே தாரிக் கரண்டி
சாசரில் விழுந்தது.
டங்.

ரொஹைசாவின் பேனா ஓடியது.
ஐந்துக்கு நாலு.

வாய் திறந்தேன்.
பக்கத்தில் சியூ கெங்
காலையிலிருந்து பிடித்துவைத்த மூச்சை விட்டாள்.
அதை எப்படித் திருப்பிக் கேட்பது?
அதற்குள் தலைவர் 'பை'க்குப் போய்விட்டார்.

படியிறங்கும்போது அடைக்கலசாமி
என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு,
தாழ்ந்த குரலில்,
"அது கரண்டி" என்றார்.

பதில் சொல்லவில்லை நான்.
தலைக்கு மேலே மோனோரயில் போனது.
நடைபாதையின் மேட்டுக் கோடுகள்
திருப்பத்தில் புள்ளிகளாயின,
நில் என்று.

இப்போது இரவு பதினொன்று.
பலகையில் தாளை மாட்டிவிட்டேன்.
தலைவருக்கு உண்மையை எழுதப்போகிறேன்,
என் வாக்கு கரண்டியுடையது என்று.
வலமிருந்து இடமாகக் குத்தவேண்டும்,
ஊசியும் கையில்தான் இருக்கிறது.

ஆனால் கடிதத்தின்
முதல் சொல்லே
அதுதான்.