ஓடும் நிலையில்

ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி:
'புல்வெட்டி வண்டி ஒன்று, ஓடும் நிலையில்.'
கீழே என் பெயர், மார்லிஸ் ஹ்ராபிக், விற்பவர்.
கையெழுத்துப் போட்ட அன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

செவ்வாய் மாலை
பின்பக்கச் சரிவில் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும்
ஒரு ரப்பர் தீயும் வாடை, ஒரு சவுக்கடி.
பிறகு எஞ்சின் மட்டும்
தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது.
சக்கரங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாவி கைமாறுகிறது.

எதிர்வீட்டு ட்வைட்டைக் கூப்பிட்டிருக்கலாம்.
கயிற்றோடு வருவான்.
ஏன் விற்கிறாய், எங்கே போகிறாய் என்றும் வருவான்.
பின்னாலிருக்கும் கம்பியை இழுத்து கியரை விடுவித்து
நானே தள்ளினேன்.
கொட்டகை வந்து சேர்வதற்குள் இரண்டு முறை
என்மேலேயே சாய்ந்து இளைப்பாறியது வண்டி.

உதிரிபாகக் கடை லானி
நான் நீட்டிய செத்த பெல்ட்டைத் தொடக்கூட இல்லை.
'அறுந்ததை வைத்து அளவெடுக்காதே.
இழுபட்டு இழுபட்டு
இல்லாத நீளமெல்லாம் சொல்லும். எண் என்ன?'
இருக்கைக்கு அடியில் பார்த்த எண்ணை
உள்ளங்கையில் எழுதி வந்திருந்தேன்.
கடைசி இலக்கம் எட்டா மூன்றா,
வியர்வை சொல்ல மறுத்தது.
இரண்டையும் வாங்கினேன்.
பிரிக்காததைத் திருப்பித் தரலாமாம்.

இந்த பெல்ட்டைத் தொட வெட்டும் தட்டைக் கழற்ற வேண்டும்.
தட்டைக் கழற்ற அதன் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.
அதைக் கழற்ற ஸ்பிரிங்கை.
ஸ்பிரிங்கைக் கழற்ற மூன்றாவதாய் ஒரு கை.
ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக் கட்டைவிரல் கிழிந்ததுதான் மிச்சம்.
வீட்டுக்குள் ஓடி,
ஒட்டி அடுக்கிய பெட்டிகளில் 'சமையலறை 3'ஐப் பிரித்து
இறைச்சி திருப்பும் இடுக்கியை எடுத்து வந்தேன்.
வந்தது, கழுதை.

தட்டின் அடியில் ஒன்பது கோடையின் புல்
கேக் போல இறுகி, ஈரமாய், கருத்து.
மூலையில் எலி ஒன்று குடித்தனம் நடத்திப் போயிருக்கிறது.
மெத்தை நீலப் பஞ்சு.
இருக்கை ஏன் இப்படிக் குத்துகிறது என்று
இரண்டு வருஷமாய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெல்ட் போகும் வழி காட்டும் ஸ்டிக்கரில்
இரண்டு வட்டமும் ஒரு அம்பும் பாக்கி.
வாயில் டார்ச்சைக் கவ்வி மல்லாந்து படுத்து
விரலால் தடவித் தடவி வழி கேட்டேன்.
தட்டையான கப்பிக்கு முதுகைக் காட்ட வேண்டும்,
பள்ளமான கப்பிக்கு வயிற்றைக் கொடுக்க வேண்டும்.
அவ்வளவுதான் விஷயம்.
எட்டு என்று முடிந்த பெல்ட் உட்கார்ந்தது.

வாங்குகிறவர்கள் ஒமாஹாவில் மூன்றாம் மாடிக்காரர்கள்,
இதுவரை வளர்த்தது இரண்டு பூந்தொட்டி.
எஞ்சின் மூடிக்கு உள்பக்கம்
கறுப்பு மார்க்கரால் அவர்களுக்காக வரைந்தேன்:
வட்டங்கள், கோடு, அம்புகள், அழகாகவே.

சாவியைத் திருப்பி மிதியை அழுத்தியதும்
பன்றியைப் பிடித்தது போல ஒரு அலறல்.
நான்கு அடி நகர்ந்தது. புகை.
காவல் கம்பிக்கு உள்ளே போகவேண்டிய பெல்ட்
வெளியே போய் அதை உரசிக்கொண்டிருந்தது.
என் படத்திலும் வெளியேதான் போனது.

மறுபடி தட்டு. மறுபடி ஸ்பிரிங். மறுபடி இடுக்கி.
இடையில் ஒரு மணி நேரம் நான் சொன்னவை
ஏழாம் பக்கத்தில் சேராதவை.

படத்தை அழிக்க முடியவில்லை, மார்க்கர் அப்படி.
தவறான கோட்டின்மேல் பெருக்கல் குறி போட்டு,
பக்கத்தில் 'இப்படிப் போட்டால் கத்தும்' என்று எழுதி,
உள்ளே சரியான கோட்டை வரைந்தேன்,
கொஞ்சம் நெளிந்தாலும்.

வியாழன் இரவு பத்து மணி.
இரண்டு விளக்கில் ஒன்றுதான் எரிகிறது.
முன்னே போனது. பின்னே வந்தது.
மிச்சப் பாதியை வெட்டி முடித்தேன்.
ட்வைட் வீட்டு ஜன்னலில் திரை விலகி மூடியது.

மூன்றில் முடியும் பெல்ட் பிரிக்காமல் காரில் இருக்கிறது,
முப்பத்தொரு டாலர், ரசீதோடு.

செவ்வாய் வெட்டிய பாதிக்கும்
வியாழன் வெட்டிய பாதிக்கும் நடுவே
ஒரு வாரத்துக்கு ஒரு கோடு தெரியும்.
அவர்கள் அதை வெயில் என்று நினைத்துக்கொள்ளட்டும்.