ஆரஞ்சுத் தோல்

முப்பது இஞ்சு டயா, இருபத்துநாலு கேஜ்.
மெஷின் வந்து இறங்கி நாலு நாள் கழித்துத்தான்
அதைப் பூட்ட ஆள் வந்தார்.
பேர் குவோ. கையில் ஸ்பேனர் பெட்டி,
கக்கத்தில் கண்ணாடி பிளாஸ்க்.

பிளாஸ்குக்குள் என்னமோ மிதந்தது:
சிவப்பாக ரெண்டு, மஞ்சளாக ஒரு பூ,
சுருண்ட தோல்.
"மீன் வளக்கறாருங்களா?" என்றாள் துளசிமணி.
டீ வந்தபோது குவோ வேண்டாமென்று கையசைத்தார்.
சுடுதண்ணிதான் கேட்டார்,
ராத்திரி பூராவும் சுடுதண்ணி.

பஞ்சுத் தூசிக்கு ஊர்க்காரன், வெளியூர்க்காரன் தெரியாது.
மூணாம் நாள் அவருக்கும் இருமல்.
எனக்கு ஏழு வருசமாக இருக்கிற அதே இருமல்.
மெஷின் நிற்கிற நேரமெல்லாம்
ஆள் மாற்றி ஆள் இருமினோம்.

தெரிந்ததைக் கொண்டுபோனேன்.
மிளகு தட்டிப் போட்ட மஞ்சள் பால்.
ஈரோட்டில் நாத்தனார் வீட்டுக்காரர் மண்டியில் மூட்டை தூக்குகிறார்,
விரலி மஞ்சள் அங்கிருந்து வரும்.
குவோ வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.
பால் ஆகாதாம்.
சரி, மறுநாள் சித்தரத்தை.

துண்டை மோந்தார்.
மூக்கை விட்டு எடுக்கவே இல்லை.
ஒரு வார்த்தை சொன்னார், சின்னது,
கூட்டத்தில் சொந்தக்காரனைப் பார்த்துவிட்ட மாதிரி.

அப்புறம் போனை நீட்டினார்.
உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற தமிழில்:
"தங்கள் உடலில் காற்று புகுந்துள்ளது.
குளிர்ந்த நீரைத் தவிர்க்கவும்."
துளசிமணி விழுந்து விழுந்து சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வாயு புடிச்சுக்கிச்சு, சூடு ஏறிக்கிச்சு,
அது குளிர்ச்சி, ராத்திரியில தொடாதே,
தலையில நீர் கோத்துக்கும்...
என் அடுப்படியிலும் இதே பேச்சுத்தானே.
யாரிடமிருந்து யார் கேட்டது?

வீட்டுக்குப் போய் மளிகைச் சிட்டையை எடுத்துப் பார்த்தேன்.
சீனி ரெண்டு கிலோ. சீனாக்காரம் ஒரு கட்டி.
எழுதினது நான்தான்.

அவர் கொடுத்தது அந்தச் சுருண்ட தோல்.
கறுத்து, காய்ந்து, அறுந்த செருப்பு வார் மாதிரி.
மோந்தால் ஆரஞ்சு!
பழைய பஸ் ஸ்டாண்டில் பழம் வாங்கி
சன்னலோரம் உட்கார்ந்து உரித்து
பல்லடம் ரோடு நெடுக எறிந்துகொண்டு போவேனே, அதே தோல்.
அவர்கள் ஊரில் வருசக்கணக்கில் பூட்டிவைப்பார்களாம்,
பழசாக ஆக விலை ஏறுமாம்.
"எங்க வட்டி மாதிரிங்களா?" என்று போனில் கேட்டேன்.
அது என்னவென்று சொன்னதோ,
குவோ ரொம்ப மரியாதையாகத் தலை குனிந்தார்.

ராத்திரி ரெண்டு மணிக்கு
ஆபீஸ் கெட்டிலில் இஞ்சி, தோல், நாலு மிளகு.
இருமல் போனதா என்று கேட்காதீர்கள்.
போகவில்லை. தொண்டை இளகியது.
பகலில் தொடர்ந்து மூணு மணி நேரம் தூங்கினேன்,
அதுவே பெரிசு.

இ.எஸ்.ஐ. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது.
"மூக்கைக் கட்டாம எத்தனை வருசம்?"
கசாயம் குடிக்கறேனுங்க என்றேன்.
"குடிங்க. மாத்திரையும் முழுங்குங்க. தூசியை விட்டு வெலகுங்க."
தூசியை விட்டு விலகினால்
சனிக்கிழமைச் சம்பளத்தை விட்டும் விலகணும்.
அதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

குவோ கிளம்புகிற வாரம்
சூப்பர்வைசர் ரங்கராசு ஆள் கூட்டி வந்தார்.
சுவரை உடைத்து எக்ஸாஸ்ட் ஃபேன், ஒன்றல்ல, நாலு.
தூசி அடைந்தால் ஊசி ஒடியும், கேரண்டி கிடையாது என்று
குவோ எழுதிக் கொடுத்துவிட்டாராம்.
ஏழு வருசம் எங்கள் நெஞ்சுக்கு வராத காற்று
ஊசிக்கு ஒரே வாரத்தில் வந்தது.

நிஜமாகவே ஊசிக்காகத்தானா என்று
போனில் கேட்க நினைத்திருந்தேன்.
கார் வந்துவிட்டது. ஓனர் பக்கத்திலேயே நின்றார்.
கால் கிலோ சித்தரத்தையை மடித்துக் கையில் திணித்தேன்.
ஏர்போர்ட்டில் விட்டார்களோ, பிடுங்கிக்கொண்டார்களோ.

இன்றைக்கு மொட்டை மாடியில்
வடகத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சுத் தோல் காயப் போட்டிருக்கிறேன்.
காக்காய் ஒன்று தூக்கிப்போய்
பாதி வழியில் பிடிக்காமல் போட்டுவிட்டது.